மே 28: ஒரு திகதி, இரு வீட்டு நினைவுகள்





'வரலாற்றில் இன்று' என்னும் பகுதியை நீங்கள் வானொலியில் பலமுறை செவிமடுத்திருப்பீர்கள். நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது அதன் பின்புறத்திலும் வாசித்திருப்பீர்கள். இன்ன ஆண்டில் இன்ன மன்னன் முடிசூடினான், இன்ன போர் மூண்டது, இன்னார் பிறந்தார், இன்னார் மறைந்தார் என ஒவ்வொரு நிகழ்வும் ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியின் முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று நாம் கேட்பதில்லை. தாளைக் கிழித்து எறிந்துவிட்டு அன்றைய வேலைக்குப் புறப்பட்டு விடுகின்றோம்.

எந்த நாளை நினைவில் வைத்துக்கொள்வது என்பது சிறிய விடயமன்று. இரண்டாவது கலீபாவான உமர் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் முஸ்லிம்களுக்கென ஓர் ஆண்டுக் கணக்கு வகுக்கப்பட்டபோது, அதனை எந்நிகழ்விலிருந்து தொடங்குவது என்ற வினா எழுந்தது. பிறப்பும் இருந்தது, வெற்றிகளும் இருந்தன. ஆயினும் நபித் தோழர்கள் ஹிஜ்ரத்தையே தேர்ந்தெடுத்தனர். ஊரை இழந்து வந்தவர்களுக்கு மற்றோர் ஊர் தன் வாசலைத் திறந்துவிட்ட நிகழ்வு அது. அடைக்கலம் கேட்டவனையும் அடைக்கலம் கொடுத்தவனையும் ஒருங்கே நினைவூட்டும் ஆண்டுக் கணக்கு நம்முடையது என்பதை மனதிற் கொண்டு இன்றைய திகதிக்கு வருவோம்.

இன்றைய திகதி மே 28. இற்றைக்கு நூறு வருடங்களுக்கும் அதிகமான காலத்துக்கு முன்னர், 1915ஆம் ஆண்டு இதே திகதியில், ஒரு வெள்ளிக்கிழமை இரவில், நம் கண்டி மாநகரில் எழுந்த ஒரு கலவரம் சில நாட்களுக்குள் நாட்டின் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றில் மறக்கவியலாத நாள் அது. பிலிமத்தலாவையிலும் அதனைச் சூழவுள்ள ஊர்களிலும் வாழும் நமக்கு அது தூரத்துச் செய்தியன்று. அந்த இரவின் வேர் நமது அயலிலேயே ஓடுகின்றது.

திகதியில்லாத நாட்கள்

கலவரத்தைச் சொல்வதற்கு முன்னர், கலவரம் இல்லாதிருந்த காலத்தைச் சொல்வதே நீதியாகும்.

பிலிமத்தலாவைச் சந்தியிலிருந்து சிறிது தூரம் சென்றால் கடலாதெனிய விகாரையின் கற்பாறையைக் காணலாம். அவ்விகாரை 1344ஆம் ஆண்டில், கம்பளை இராசதானியின் காலத்தில் கட்டப்பட்டது. அதே ஆண்டில்தான் மொரோக்கோ நாட்டுப் பயணியான இப்னு பதூதா இலங்கையில் கரையிறங்கி, பாவா ஆதம் மலைக்குச் சென்றார். இந்நாட்டு மக்கள் முஸ்லிம் யாத்திரிகரை மதித்துத் தம் வீடுகளில் தங்கவைத்து உணவளித்தனர் என்ற செய்தி அவரது பயண நூலில் உண்டு. ஒரு பக்கம் விகாரைக்குக் கல் செதுக்கப்படுகின்றது. மறுபக்கம் அதே மலைநாட்டின் வழியே ஒரு முஸ்லிம் அச்சமின்றி நடந்து செல்கின்றார்.

அதன் பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர். 1626ஆம் ஆண்டில் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற அவர்கள் கட்டளையிட்டபோது, கண்டி மன்னன் செனரத் அம்மக்களுக்கு அடைக்கலம் அளித்தான். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது போர்த்துக்கேயரே எழுதிவைத்த செய்தியாகும். கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் பொதி மாட்டுத் தவளங்களை நடத்தி, கரையோரத்து உப்பையும் துணியையும் மலைநாட்டுக்குக் கொண்டுவந்தனர். மலைநாட்டுப் பாக்கைக் கரைக்குக் கொண்டு சென்றனர். அரச மருத்துவர்களாகவும் சிலர் விளங்கினர். மன்னர் வழங்கிய காணிகளில் குடியிருந்து, அக்காணிகளுக்குரிய கடமைகளை நிறைவேற்றினர். இன்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே நம்முடைய ஊர்கள் சிறு சிறு தீவுகளாக அமைந்திருப்பதன் காரணம் இதுவே. துரத்தப்பட்டு ஒரு மூலையில் ஒதுங்கியவர்களாக நம் முன்னோர் இங்கே குடியேறவில்லை. அயலவராக ஏற்றுக்கொள்ளப்பட்டே குடியேறினர்.

இந்த நெடிய காலத்தைப் பற்றி வரலாற்றுப் பேராசிரியை லோர்னா தேவராஜா அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1994ஆம் ஆண்டு வெளியாயிற்று. இலங்கை முஸ்லிம்களின் ஆயிரம் ஆண்டு இன நல்லிணக்கம் என்பதே அந்நூலின் பொருள். அதன் தலைப்பிலேயே காலவரையறையும் தரப்பட்டுள்ளது. கி.பி. 900 முதல் 1915 வரை என்பதே அது. ஒரு சிங்கள பௌத்தப் பெண்மணி ஆயிரம் ஆண்டு நட்பை ஆராய்ந்து எழுதி, 1915 என்ற இலக்கத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். அந்த இலக்கம் நமக்கு எவ்வளவோ சொல்கின்றது.

நேயர்களே! இந்த ஆயிரம் ஆண்டு நாட்களில் எத்தனை நாட்களுக்கு நாட்காட்டியில் இடமுண்டு? ஒரு சிங்களக் கமக்காரனும் ஒரு முஸ்லிம் வியாபாரியும் சந்தையில் சந்தித்து, கொடுக்கல் வாங்கலை முடித்து, நலம் விசாரித்துப் பிரிந்த நாளை எவரும் 'வரலாற்றில் இன்று' என்று வாசிப்பதில்லை. சண்டைக்குத் திகதி உண்டு, சமாதானத்துக்குத் திகதி இல்லை. திகதிகளை மாத்திரம் படிக்கும் பிள்ளை, நாடு என்றால் சண்டை என்றே எண்ணிக் கொள்ளும்.

மூன்று திகதிகளின் சங்கிலி

மே 28 என்ற நாள் தனியாக வந்ததன்று. அதற்கு முன்னே இரு திகதிகள் உள்ளன.

முதலாவது, 1815 மார்ச் 2. அன்று கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில், ஆளுநர் றொபேர்ட் பிரவுன்றிக் முன்னிலையில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. மலைநாடு பிரித்தானிய முடியின் கீழ் வந்தது. ஒப்பமிட்ட பிரதானிகளுள் நமது ஊரின் பெயரையே தமது குடும்பப் பெயராகக் கொண்ட பிலிமத்தலாவைப் பிரபுக்களும் இருந்தனர். அவ்வொப்பந்தத்தின் 5ஆவது பிரிவு பௌத்த சமயத்தையும் அதன் கிரியைகளையும், பிக்குமாரையும், வழிபாட்டுத் தலங்களையும் பேணிப் பாதுகாப்பதாக உறுதி கூறியது. அந்தப் பிரிவைச் சிங்கள மக்கள் தமக்கு அளிக்கப்பட்ட புனித வாக்குறுதியாகவே கருதினர்.

இரண்டாவது, 1915 பெப்ரவரி 2. இதனை விளங்கிக்கொள்ள நாம் கம்பளைக்குச் செல்லவேண்டும். அங்குள்ள வல்லஹகொட தேவாலையின் பெரஹரா வருடந்தோறும் நகர வீதிகளில் மேளதாளத்துடன் வலம் வருவது வழக்கம். நெடுங்காலமாக உள்ளூர் முஸ்லிம்களும் பெரஹராவும் அதே வீதிகளைப் பகிர்ந்தே வந்திருந்தனர். பின்னர் அம்பகமுவ வீதியில், இந்தியாவின் தென்கரையிலிருந்து வியாபாரத்துக்காக வந்த கரையோரச் சோனகர் ஒரு பள்ளிவாசலைக் கட்டினர். தமது பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளதாளத்தை நிறுத்தவேண்டும் என அவர்கள் கோரினர். அதிகாரிகள் அதற்கிசைந்து நிபந்தனை விதித்தனர். நிபந்தனைக்குட்பட்டு ஊர்வலம் நடத்த விரும்பாத தேவாலையின் பஸ்நாயக்க நிலமே 1912ஆம் ஆண்டில் பெரஹராவையே நிறுத்திவிட்டு நீதிமன்றம் சென்றார்.

வழக்கின் அடிப்படை 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவேயாகும். கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914 ஜூன் மாதத்தில் தேவாலையின் பக்கம் தீர்ப்பளித்தார். அரசு மேன்முறையீடு செய்தது. 1915 பெப்ரவரி 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பொலிஸ், உள்ளூர்ச் சபை ஆகியன தொடர்பாகப் பின்னர் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டங்களுக்கு அமையவே ஊர்வலம் நடத்தப்பட வேண்டும் என்று அது கூறியது.

நாட்களைக் கவனியுங்கள். கண்டி ஒப்பந்தம் தனது நூறாவது ஆண்டை எட்டுவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னர் அந்தத் தீர்ப்பு வருகின்றது. சட்டத்தின்படி அது முஸ்லிம் தரப்புக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனால், அயலவனின் உள்ளத்தில் அது எவ்வாறு பதிந்திருக்கும்? நூறாண்டு வாக்குறுதி பொய்த்துப்போனதாகவே அவன் உணர்ந்தான். நீதிமன்றத்தில் வென்றதை வீதியில் இழக்கலாம் என்பதை அன்று எவரும் சிந்திக்கவில்லை.

வழக்கு மாத்திரம் காரணமன்று. 1914இல் முதலாவது உலகப் போர் தொடங்கியிருந்தது. பொருட்களின் விலை ஏறியது. நகரங்களிலும் கிராமங்களிலும் சில்லறை வியாபாரத்தில் கரையோரச் சோனகரின் கடைகள் பரவியிருந்தன. கடன் கொடுத்தவரும் அவர்களே, விலை கேட்டவரும் அவர்களே. புதிதாக வியாபாரத்தில் இறங்கிய கரைநாட்டுச் சிங்கள வணிகருக்கு அவர்கள் போட்டியாளர்களாயினர். பௌத்த மறுமலர்ச்சியின் சில மேடைகளில் அவர்களுக்கெதிரான கடுஞ்சொற்களும் ஒலித்தன. காய்ந்த விறகு இவ்வாறு அடுக்கப்பட்டிருந்தது.

அந்த இரவு

1915 மே 28 வெசாக் முழுநிலா நாள். கண்டி நகரில் பக்திகீதம் பாடும் குழுக்கள் அலங்கரித்த வண்டிகளுடன் வீதிகளில் வந்துகொண்டிருந்தன. காசல் ஹில் வீதியில் ஒரு பள்ளிவாசல் இருந்தது. நள்ளிரவுக்குப் பின்னர் பள்ளிவாசல் மூடப்பட்டிருக்கும், அப்போது ஊர்வலம் இசையோடு அவ்வழியே செல்லலாம் என்பதே அதிகாரிகளின் எண்ணமாக இருந்தது. ஆனால் ஊர்வலம் வந்தபோது பள்ளிவாசல் மூடப்படவில்லை. அங்கே ஆட்கள் நின்றிருந்தனர். பொலிஸ் அதிகாரி ஊர்வலத்தை வேறு வீதிக்குத் திருப்பினார். அதைக் கண்ட நம்மவர் சிலர் கேலிக்குரல் எழுப்பினர். அத்துடன் கல்லெறி தொடங்கியது. பள்ளிவாசலும் அருகிலிருந்த கடைகளும் தாக்கப்பட்டன.

இங்கே ஒரு கணம் நிற்போம். எழுந்தது ஒரு கேலிக்குரல்தான். தாக்குதலை அது ஒருபோதும் நியாயப்படுத்தாது. கேலிக்குப் பதில் தீ வைப்பதாகாது. எனினும், நம் பக்கத்தில் நிகழ்ந்ததையும் நாம் சொல்லத்தான் வேண்டும். உங்கள் மீதோ உங்கள் பெற்றோர் மீதோ பாதகமாக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சி பகருங்கள் என்பது அல்குர்ஆன் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். தன் வீட்டின் குறையை மறைத்துச் சொல்லப்படும் வரலாறு சாட்சியமன்று, அது வெறும் முறைப்பாடு.

புகையிரதத்தில் வந்த வதந்தி

ஒரு நகரத்தின் ஒரு வீதியில் மூண்ட தகராறு, எவ்வாறு ஒரு வாரத்துக்குள் ஐந்து மாகாணங்களைச் சூழ்ந்தது?

கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் புகையிரதம் ஓடத் தொடங்கியிருந்தது. பிலிமத்தலாவை, கடுகண்ணாவை, ரம்புக்கனை, பொல்காவலை என நீளும் அப்பாதையை நாமெல்லோரும் அறிவோம். அன்று அந்தப் பாதை வழியே ஆட்களுடன் வதந்திகளும் பயணித்தன. தலதா மாளிகையை முஸ்லிம்கள் தகர்த்துவிட்டார்கள் என்றது ஒரு வதந்தி. துருக்கி பிரித்தானியாவுக்கு எதிராகப் போரில் நிற்பதால், துருக்கியின் சமயத்தவரான சோனகரைக் கொள்ளையிட அரசாங்கமே அனுமதி தந்துவிட்டது என்றது மற்றொன்று. இரண்டும் முழுப் பொய்கள். ஆனால், ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கும்போது அப்பொய்கள் இன்னும் கொழுத்தன. மே 31ஆம் திகதி கொழும்பில் கலவரம் வெடித்தபோது அதில் புகையிரதத் தொழிலாளர்களின் பங்கு பெரிதாயிருந்ததைக் குமாரி ஜயவர்தன போன்ற வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

ஜூன் முதல் வாரத்தில் கலவரம் தணிந்தபோது, 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டிருந்தன. 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டிருந்தன. 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டிருந்தன. கொல்லப்பட்ட முஸ்லிம்கள் 25 பேருக்குக் குறையாதோர். காயமுற்றோர் ஏறத்தாழ இருநூறு பேர். பெண்களும் மானபங்கத்துக்கு உள்ளாயினர். இவை அரசாங்கக் கணக்கிலிருந்து நமக்குக் கிடைக்கும் எண்கள். வழக்கைத் தொடங்கியவர் எவர், கேலிக்குரல் எழுப்பியவர் எவர் என்று கலகக்காரன் விசாரிக்கவில்லை. கம்பளைப் பள்ளிவாசலைக் கனவிலும் கண்டிராத ஏழைக் கடைக்காரனின் அரிசி மூட்டையும் வீதியிலே கொட்டப்பட்டது.

அடுத்த வீட்டின் திகதி

இதுவரை கூறியது நம் வீட்டின் நினைவு. நம் பெற்றோரில் பலர் இவ்விடத்திலேயே கதையை முடித்துவிடுவர். ஆனால், வரலாறு இங்கே முடியவில்லை.

ஜூன் 2ஆம் திகதி ஆளுநர் றொபேர்ட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். அது ஒகஸ்ட் 30 வரை, ஏறக்குறைய மூன்று மாதங்கள் நீடித்தது. கலவரமோ முதல் வாரத்திலேயே தணிந்துவிட்டிருந்தது. போர்க்காலத்தில் தமக்கெதிரான சதி நடக்கின்றதோ என்ற அச்சத்தில் ஆட்சியாளர் கண்மூடித்தனமாக நடந்துகொண்டனர். பஞ்சாப் படையினரும், ஆயுதமளிக்கப்பட்ட ஐரோப்பியத் தொண்டர்களும் கிராமங்களுக்குள் நுழைந்தனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் உண்டு. படையினராலும் பொலிஸாராலும் கொல்லப்பட்டோர் 63 பேர் என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு. கலகத்துடன் எவ்விதத் தொடர்புமற்ற சிங்களக் கிராமத்தவரிடமும் நட்டஈட்டுப் பணம் அறவிடப்பட்டது. டி. எஸ். சேனாநாயக்க, எஃப். ஆர். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக முதலிய தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர்.

ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் கொழும்பு நகரக் காவற் படையில் கெப்டனாகக் கடமையாற்றியவர். அவர் மீது கலகம் விளைவித்ததாகக் குற்றஞ்சாட்டி, இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1915 ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26. சிங்கள மக்கள் அவரைக் குற்றமற்ற தியாகியாகவே இன்றுவரை நினைவுகூருகின்றனர். கொழும்பில் அவருக்குச் சிலையும் உண்டு.

சட்டசபையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை எதிர்த்து நீண்ட உரை நிகழ்த்தினார். அது 1916இல் இலண்டனில் நூலாகவும் வெளியாயிற்று. அவர் இங்கிலாந்து சென்று திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்று வரவேற்றனர் என்பது பிரசித்தமான செய்தி. அதே வேளையில், எரிந்த கடைகளின் சாம்பலருகே அமர்ந்திருந்த முஸ்லிம்களோ தமது இழப்பைப் பேச எவருமில்லை என வருந்தினர்.

அன்பின் இளைஞர்களே! இப்போது கூறுங்கள். முஸ்லிம் வீட்டில் 1915 என்றால் மே 28. சிங்கள வீட்டில் 1915 என்றால் ஜூலை 7. ஒரு வீட்டில் அது எரிந்த பள்ளிவாசலின் நினைவு. மறு வீட்டில் அது சுடப்பட்ட மகனின் நினைவு. இரண்டுக்கும் இடையே நாற்பது நாட்களே உள்ளன. நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு வீடும் தன் திகதியை மாத்திரம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்துள்ளது. இரண்டையும் அறிந்தவனுக்கே 1915இல் இந்நாட்டில் நடந்தது என்னவென்று விளங்கும். நம் திகதியை மட்டும் அறிந்தவனுக்கு அடுத்த வீட்டான் பகைவனாகத் தெரிவான். இரு திகதிகளையும் அறிந்தவனுக்கு அவனும் அழுதவன் என்பது தெரியும்.

வேறொரு திகதியையும் இத்துடன் சேர்த்துக்கொள்வோம். 1915இல் சிறையிலிருந்த அதே டி. எஸ். சேனாநாயக்க 1947இல் இந்நாட்டின் முதலாவது பிரதமரானார். அவரது முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சராக அமர்ந்தவர் ஸாஹிராக் கல்லூரியின் முன்னாள் அதிபர் டி. பி. ஜாயா அவர்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளில், கலவரத்தின் இரு பக்கங்களிலிருந்தவர்களும் ஒரே மேசையில் அமர முடிந்தது. காயம் ஆறும் என்பதற்கும் வரலாற்றில் சான்றுண்டு.

கைக்குள் வந்த புகையிரதம்

இவையெல்லாம் பழைய கதை எனச் சிலர் கூறலாம். 2018ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நம் கண்டி மாவட்டத்திலேயே, தெல்தெனியாவில் வீதியில் எழுந்த தகராறில் முஸ்லிம் இளைஞர் சிலர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினர். அவர் சில நாட்களின் பின் மருத்துவமனையில் உயிரிழந்தார். செய்தவர் சிலர், செய்தது கொடிய குற்றம். ஆயினும், அதற்கான விலையை மார்ச் மாத முதல் வாரத்தில் திகன முதலிய ஊர்களின் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் கொடுத்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞரின் உயிரும் பிரிந்தது. மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த நாள் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன.

1915இல் வதந்தி புகையிரதத்தில் ஏறி வந்தது. 2018இல் அது கைத்தொலைபேசியில் வந்தது. அன்று கண்டியிலிருந்து கொழும்பை எட்ட அதற்கு மூன்று நாட்கள் பிடித்தன; இன்று மூன்று வினாடிகள் போதும். வெறுப்புப் பரவுவதில் தமது தளத்துக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனமே 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

அந்நாட்களில் பௌத்த பிக்குமாரும் சிங்கள அயலவரும் பள்ளிவாசல்களுக்குக் காவலாக நின்ற செய்திகளையும் நாம் கேட்டோம். தீ வைத்தவனின் பெயர் பத்திரிகையில் வரும். வாசலில் நின்று தடுத்தவனின் பெயர் வருவதில்லை. அவர்களை நினைவில் வைப்பது நமது கடமை.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட ஒரு சிறு கூட்டம் 250க்கும் மேற்பட்ட அப்பாவிகளைக் கொன்றது. அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் சொத்துக்கள் எரிந்தன. அங்கும் இரு வீடுகளுக்கு இரு திகதிகள். தேவாலயத்தில் பிள்ளையை இழந்த தாயின் திகதியை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டால், நம் திகதியைக் கேட்குமாறு பிறரை எவ்வாறு அழைக்க முடியும்?

நாம் செய்யக்கூடியவை

நேயர்களே! வரலாற்றைக் கேட்டுக் கண்ணீர் வடிப்பதோடு நின்றுவிடலாகாது. நம் கைக்கெட்டிய சில காரியங்கள் உள்ளன.

முதலாவது, செய்தியை விசாரித்தல். தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரியுங்கள். இல்லாவிடின் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்துவீர்கள் என்ற கருத்தை ஸூரதுல் ஹுஜுராத் நமக்கு அறிவுறுத்துகின்றது. 1915இன் வதந்திகளை நம்பியவர்கள் பிறர். இன்று நமது கைத்தொலைபேசியில் வரும் செய்தியை விசாரியாமல் அனுப்புபவர் நாமாகவும் இருக்கலாம். பிள்ளை ஒரு செய்தியைக் காட்டினால், 'இது யார் சொன்னது? எங்கே நடந்தது? எப்போது எடுத்த படம்?' என்ற மூன்று வினாக்களைக் கேட்கப் பெற்றோர் பழக்குவார்களாக.

இரண்டாவது, அயலவனின் உணர்வை மதித்தல். உரிமை இருப்பது ஒன்று, அதனைப் பயன்படுத்தும் முறை வேறொன்று. நம்முடைய ஒலிபெருக்கியின் சத்தம், வீதியில் நிறுத்தும் வாகனங்கள், குர்பான் நாட்களின் துப்புரவு ஆகிய சிறு விடயங்களில் காட்டும் பண்பு, பெரிய தகராறுகள் முளைக்கும் முன்னரே அவற்றைத் தடுத்துவிடும். வெசாக் இரவில் வீட்டு வாசலைக் கடந்து செல்லும் பக்திகீத வண்டியைக் கண்டு புன்னகைப்பதற்கு நாம் நம் மார்க்கத்தில் எதனையும் இழக்கப்போவதில்லை.

மூன்றாவது, நினைவுகளை எழுதிவைத்தல். நமது ஊர்களின் முதியோர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். இக்கட்டான நாட்களில் எந்தச் சிங்களக் குடும்பம் நம்மவருக்குக் கதவு திறந்தது, எந்த விகாராதிபதி முன்வந்து பேசினார், வெள்ளம் வந்தபோது நம் பள்ளிவாசலிலிருந்து எந்தக் கிராமத்துக்குச் சோறு சென்றது என்பன அவர்களுடைய நெஞ்சோடு போய்விடுகின்றன. அஹதிய்யா மாணவர்கள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு தத்தம் பாட்டன் பாட்டியிடம் அமர்ந்து, ஆண்டும் திகதியும் கேட்டு எழுதட்டும். அக்கொப்பிகளைப் பள்ளிவாசல் நிர்வாகம் பேணிவைக்கட்டும். அவற்றில் சண்டையின் திகதிகளும் இருக்கட்டும், உதவியின் திகதிகளும் இருக்கட்டும். திகதியில்லாமற்போன சமாதானத்துக்கு நாமாவது திகதியிடுவோம்.

நான்காவதும் மிக முக்கியமானதும், முழுக் கதையையும் சொல்லுதல். பெற்றோர்களே! மே 28ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். மறைத்தால் அவர்கள் அதனை அரைகுறையாக, வெறுப்போடு வேறெங்கிருந்தோ அறிந்துகொள்வர். ஆனால் சொல்லும்போது 1344ஐயும் 1626ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜூலை 7ஐயும் சொல்லுங்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது ஸூரதுல் மாஇதாவின் போதனையாகும். நீதி என்பது நீதிமன்றத்தில் மாத்திரம் உள்ளதன்று. பிள்ளைக்குக் கதை சொல்லும் தாயின் நாவிலும் அது இருக்கவேண்டும்.

இன்று மாலை பிலிமத்தலாவை நிலையத்தைக் கடந்து கண்டிப் புகையிரதம் செல்லும். அதில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிமும் தோளோடு தோள் உரசி நின்று, களைத்து வீடு திரும்புவர். நாளைய நாட்காட்டித் தாளில் இந்தப் பயணம் பதிவாகாது. ஆயினும், 1915இல் பகையை ஏற்றிச் சென்ற அதே பாதையில் ஒவ்வொரு மாலையும் எவ்வித ஆரவாரமுமின்றி அது நிகழ்ந்துகொண்டே இருக்கின்றது. அந்தச் சாதாரண மாலையைக் காப்பாற்றுவதே இன்றைய திகதி நம்மிடம் கேட்கும் கடமையாகும்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை வதந்தியிலிருந்தும், எங்கள் உள்ளங்களைப் பகைமையிலிருந்தும் காப்பாயாக. அநீதிக்குள்ளான அனைவருக்கும் ஆறுதலை அளிப்பாயாக. எங்கள் பிள்ளைகளை நீதிக்குச் சாட்சி பகர்வோராகவும், அயலவருக்கு அரணாக நிற்போராகவும் ஆக்குவாயாக. ஆமீன்.